கதிர் பிழைத்தால்தான் கல்யாணம்

உயிர் பிழைக்கும் கதை எழுதுகிறவனின் தொழில், ஒருவனைச் சாகவும் விடாமல், நிம்மதியாக மூச்சு விடவும் விடாமல், முடிந்தமட்டும் இழுத்தடிப்பது.

நான் அதைக் கொல்லிமலையில், அரியூர் நாட்டில், எங்கள் ஊட்டு முன்னறையில் உட்கார்ந்து செய்கிறேன். செல்போனில் கதை கேட்கும் செயலி ஒன்றில் என் தொடர் போகிறது. நான் எழுதி அனுப்பினால் சென்னையில் ஒருவர் குரலை நடுங்கவிட்டுப் படிப்பார்; பின்னால் காற்று வீசும், கல் உருளும். நேரில் எனக்கு அவ்வளவு குரல் கிடையாது. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால்கூடப் பக்கத்தில் இருப்பவரைத்தான் கத்தச் சொல்வேன். எழுத உட்கார்ந்தால் மட்டும் வானம் இடியும், பூமி பிளக்கும். அம்மாவைப் பெற்ற அப்புச்சியும் அம்மாயியும் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த பழக்கம் அது. அவர்கள் கதையில் வரும் கரடி, அடுத்த முறை சொல்வதற்குள் ஒரு முழம் வளர்ந்திருக்கும். யாரும் அளந்து பார்த்ததில்லை. கதை கேட்கிற எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நம்பி இந்தத் தொழிலில் இறங்கினேன்.

கதாநாயகனைப் பள்ளத்தின் மேல் தொங்கவிட்டுவிட்டு இறக்கத் தெரியாமல் முழித்த சக பாவிகளே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும். உங்கள் ஆள் தொங்கினால் அவன் உயிர் மட்டும்தான் தொங்கும். என் ஆள் கதிர் தொங்கியபோது எங்கள் அக்கா பூங்கொடியின் கல்யாணமும் அவன் பிடித்திருந்த அதே வேரில் சேர்ந்து தொங்கியது.

பலாக்காட்டில் பட்டினி

கதிர் சென்னைக்காரன். மலையேற வந்த கூட்டத்திலிருந்து பிரிந்து, ஆனி மாத மழையில் காட்டுக்குள் தனியாக மாட்டிக்கொள்கிறான். முதலில் பசி. பசியைப் பசி என்று எழுதினால் கேட்கிறவருக்குப் பசிக்காது. அதனால், "அவன் வயிறு தன்னைத்தானே தின்னத் தொடங்கியது. எதிரில் நின்ற மலையே ஒரு சோற்று உருண்டையாகத் தெரிந்தது" என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே எழுந்து போய் இரண்டு துண்டு மரவள்ளிக்கிழங்கு தின்றேன். அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

பக்கத்துக் காட்டில் மிளகு போட்டிருக்கும் சின்னப்பன் மாமா அந்தப் பாகத்தைக் கேட்டுவிட்டு, தோளில் ஒரு பலாப்பழத்தோடு வந்து நின்றார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்தார். தெரு முழுக்க மணம் போனது. ஒரு சுளையை என் வாயில் திணித்துவிட்டுச் சொன்னார்: "ஆனி மாசத்துல இந்த மலையில ஒருத்தன் பட்டினி கெடக்கோணும்னா, கண்ணு, அவனுக்கு மூக்கு அடச்சிருக்கோணும்."

வந்து போன கரடி

அடுத்த பாகத்தில் கதிருக்கு ஜலதோஷம் பிடிக்க வைத்தேன். வேறு வழியில்லை.

அதற்கடுத்து கரடி. எங்கள் பக்கத்தில் கரடி எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். எனவே உள்ளதை உள்ளபடி எழுதினேன்: "புதர் அசைந்தது. கரடி வந்தது. கதிர் அசையாமல் நின்றான். அது அவனைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது." சென்னையிலிருந்து செயலியின் ஆசிரியர் மேடம் உடனே கூப்பிட்டார். நான் கரடியைக் கூரை உயரத்துக்கு வளர்த்து அனுப்பினேன். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. "சிரிப்பு வருது" என்றார். மூன்றாவது முறை கரடியைப் பழைய அளவுக்கே குறைத்துவிட்டு, அது பார்த்த அந்த ஒரு பார்வையை ஒரு பக்கத்துக்கு நீட்டினேன். அதன் மூச்சு கதிரின் முழங்காலில் படுகிறது. அவன் நெற்றியிலிருந்து கிளம்பிய வியர்வைத் துளி மூக்கு நுனிக்கு வந்து சேர்வதற்குள் அவன் படித்த பள்ளிக்கூடம், அம்மா, கட்டாத வண்டித் தவணை எல்லாம் வந்து போகின்றன. வியர்வை சொட்டுகிறது. கரடி போகிறது. மிருகத்தை ஊதினால் கேட்கிறவர் சிரிக்கிறார், நொடியை ஊதினால் நகத்தைக் கடிக்கிறார் என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது. ஆனால் மேடம் முதல் முறை சொன்னதுதான் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "வந்துட்டுப் பார்த்துட்டுப் போறதுக்கு, தம்பி, அது கரடியா, மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவரா?"

காற்றில் சுழன்ற சக்கரம்

கதிர் மலைக்கு வந்த பஸ் பயணத்தை நினைத்துப் பார்க்கிற மாதிரி ஒரு பாகம் எழுதினேன். "ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்சக்கரம் அந்தரத்தில் சுழன்றது. கீழே பார்த்தவர்கள் மேலே பார்க்கவேயில்லை." நான் பிறந்ததிலிருந்து அந்தப் பாதையில் தூங்கிக்கொண்டுதான் போய் வருகிறேன். அதையா எழுத முடியும்?

எங்கள் ஊர் பஸ்ஸை ஓட்டும் முருகேசண்ணன் ஒருநாள் என்னைப் பார்த்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தினார். கீழேயிருந்து வருகிறவர்கள் வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார்களாம். ஒரு அம்மா அவர் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடவேயில்லையாம். "கதையில அப்படித்தானுங்க வருதுன்னு என்கிட்டயே சொல்றாங்க. நான் ஓட்டற வண்டி, எனக்கே சொல்றாங்க!" என்றார். நான் மெதுவாக, கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் கேட்கிறவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் என்றேன். அவர் கியரைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "காத்துல சுத்தறதா இருந்தா டயரு எதுக்கு சாமி, ரெண்டு றெக்க வாங்கி மாட்டிருக்க மாட்டனா?"

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவன்

மிகையாக எழுதுவது என்றால் கூட்டுவது மட்டும் என்று நினைத்திருந்தேன். பாதி வேலை கழிப்பதுதான். கதிர் வழி தெரியாமல் தவிக்கவேண்டுமென்றால், நான் மலையிலிருந்து டீக்கடையைத் தூக்கவேண்டும், அன்னாசிப்பழம் விற்கிறவர்களைத் தூக்கவேண்டும், கோயில் மைக் செட்டை அணைக்கவேண்டும். கடைசியாக, பஸ் ஹார்னைத் தூக்கினேன். எங்கள் மலையில் வண்டிகள் ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடித்துத்தான் திரும்பும். எதிரில் வருவது தெரியாது. காற்று வாகாக அடித்தால் அந்தச் சத்தம் எங்கெங்கோ கேட்கும். எந்த பஸ் எந்த வளைவில் வருகிறது என்று கேட்டு, அதன்பிறகுதான் எங்கள் ஊரில் சட்டை மாட்டுவார்கள்.

அதை எல்லாம் அழித்துவிட்டு, "செத்துப்போன மலையின் மௌனம் அவன் காதை அடைத்தது" என்று எழுதினேன். எழுதும்போதே வெளியே ஹார்ன் அடித்தது. அக்கா சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டே எட்டிப் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்து, என் தலையில் தட்டினாள்: "மூக்கும் அடச்சுப்போச்சு, காதும் கேக்கல. இவன எதுக்குடா காட்டுக்கு அனுப்பின, நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருக்கலாமில்ல?"

சாரத்தில் ஏறுகிறவர்

அவள் சிரித்தது அதோடு சரி. அக்கா சேந்தமங்கலத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அங்கே மருந்து வாங்க வந்து வந்து பழகிய சதீஷ்தான் மாப்பிள்ளை. காளப்பநாயக்கன்பட்டிக்காரர். இரண்டு பக்கமும் பேசி முடித்தாயிற்று. பாக்கி இருந்தது ஒன்றுதான்: மாப்பிள்ளையின் அம்மா எங்கள் ஊட்டுக்கு வந்து, வாசற்படி மிதித்து, ஒரு வாய் சாப்பிட்டுப் போகவேண்டும். அப்புறம்தான் பேச்சு உறுதி. அதுவும் ஆனிக்குள் நடக்கவேண்டும். ஆடி பிறந்துவிட்டால் அப்படிப் போக வரமாட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பேச்சு இடையில் புகுந்துவிடும். எங்கள் அப்பாவோ, "ஊடு பாக்காத எடத்துக்குப் பொண்ணு குடுக்கறதில்ல" என்று நின்றார்.

மாப்பிள்ளையின் அம்மா சரசு அத்தை கட்டட வேலைக்குப் போகிறவர். மூன்றாவது மாடிச் சாரத்தில், தலையில் சாந்துச் சட்டியோடு, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார். அப்படி நிற்கும்போது காதில் கதை கேட்பார். என்ன கதை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மலைக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். எழுதுவது நான்தான் என்று அவருக்குத் தெரியாது, புனைபெயர். சதீஷுக்குத் தெரியும். பாவம், அவர் அம்மாவிடம் சொல்லவும் முடியாமல், என்னைத் திட்டவும் முடியாமல், "அவ்வளவு உசரத்துல வேல செய்யறியே, பஸ்ல வர்றதுக்கென்ன?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். பதில் வந்ததை என்னிடம் அப்படியே ஒப்பித்தார்: "சாரம் நான் பாக்கக் கட்டினது, மலைய ஆரு எப்பக் கட்டினாங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

வழிகாட்டியின் கதி

பயத்தை உண்டாக்கியவனே பேசி அதை எடுத்துவிடட்டும் என்று அக்கா முடிவு செய்தாள். போனைப் போட்டு என் கையில் கொடுத்தாள். பெண்ணின் தம்பி பேசுகிறேன் என்று ஆரம்பித்தேன். ஜோடனையே இல்லாமல், உள்ளதைச் சொன்னேன். ரோடு நல்ல ரோடு. ஓரத்தில் சுவர் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் போய் வருகிறார்கள். காட்டில் தொலைந்துபோவது அவ்வளவு சுலபமில்லை, எங்கே திரும்பினாலும் யாராவது மிளகு பறித்துக்கொண்டிருப்பார்கள்.

சொல்லச் சொல்ல, என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. பள்ளத்துக்கு அடியே இல்லை என்று எழுதியபோது நம்பியவர், ஓரத்தில் சுவர் இருக்கிறது என்றால் நம்பவில்லை. "பயப்பட ஒண்ணுமில்லீங்க அத்தை, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று முடித்தேன். அவர் கோபமே இல்லாமல், ஒரு பெரியவர் புத்தி சொல்கிற குரலில் சொன்னார்: "கதையில மொதல்ல கூட்டத்தக் கூட்டிட்டு வந்த அந்த வழிகாட்டிப் பையனும் இதே பேச்சுத்தான் பேசினான் கண்ணு, அடுத்த பாகத்துல அவனக் காணோம்."

ஆனால் ஒரு வழியும் விட்டிருந்தார். கதிர் உயிரோடு இறங்கி வந்துவிட்டால், தானும் ஏறி வருவதாகச் சதீஷிடம் சொல்லியிருந்தார்.

தீபாவளி வரை

கதிர் அப்போது பள்ளத்தின் மேல் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். பல பாகங்களாகவே தொங்கிக்கொண்டிருந்தான். சின்னப்பன் மாமா என்னைப் பார்க்கும்போதெல்லாம் தன் தோள்பட்டையை நீவிக்கொள்வார். மேடத்தைக் கூப்பிட்டு, இந்த வாரம் கதிரை இறக்கிவிடலாம் என்றேன். கதை இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது, தீபாவளி வரை தொங்கட்டும் என்றார். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று எனக்குக் கண் முன்னால் மாதங்கள் ஓடின. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தி, அக்கா கல்யாண விஷயத்தைச் சொன்னேன். அவர் திகைத்துப்போய்க் கேட்டார்: "உங்க அக்கா கல்யாணம் நடக்கணும்னா என் ஹீரோ எதுக்குப் பொழைக்கணும்?"

நியாயமான கேள்வி. பதிலை எழுத்தில் சொல்ல உட்கார்ந்தேன். அன்று பொழுது முழுக்க, தெரிந்த மிகையெல்லாம் போட்டு எழுதினேன். வேர் நார் நாராகப் பிரிகிறது. விரல் ஒவ்வொன்றும் ஒரு மலையைத் தூக்குகிறது. கடைசி விரல் மட்டும் மிச்சம். அவன் கண்ணை மூடுகிறான். அப்போது, நான் கதையிலிருந்து பிடுங்கி எறிந்த அந்த ஹார்னை எடுத்துத் திருப்பி வைத்தேன். "அந்தச் சத்தத்தில் ஏழு மலையும் குலுங்கின. காட்டில் ஒரு இலை மிச்சமில்லாமல் நடுங்கியது." அவன் தலைக்கு மேலே, புதருக்கு அந்தப் பக்கம், ரோடு. மூக்கு அடைத்து, காது அடைத்து, பயத்தில் மலை முழுக்கச் சுற்றியவன் ரோட்டைத்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறான். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வேட்டியும் துண்டும் முடிந்து அவனைத் தூக்குகிறார்கள்.

மேடத்திடமிருந்து போன் வந்தபோது எடுக்கப் பயமாக இருந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அழுதுட்டேன் தம்பி, இதோட முடிச்சுக்கலாம், ஆனா அந்த ஹார்ன் மட்டும் நிஜ ஹார்னா வேணும்."

உள்ளது உள்ளபடி

நிஜ ஹார்னுக்கு நான் யாரிடம் போவேன்? முருகேசண்ணனிடம் போய் நின்றேன். சக்கரக் கோபம் இன்னும் ஆறவில்லை. இருந்தாலும், ஆள் ஏறாத நேரத்தில் வண்டியை ஒரு வளைவில் நிறுத்தி, "எங்க நிக்கற? தள்ளி நில்லு, காது போயிரும்" என்றார். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு சின்னது, ஒரு நீளம். அவர் எப்போதும் அடிப்பதுதான். எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

பதிவானதைப் போட்டுக் கேட்டார். மறுபடி கேட்டார். கதையில் இது எங்கே வருகிறது என்று கேட்டார். நான் தயங்கித் தயங்கி, ஏழு மலை குலுங்கியதையும் இலை நடுங்கியதையும் படித்துக் காட்டினேன். டயருக்கு விழுந்ததைவிடப் பெரிய திட்டு விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முருகேசண்ணன் ஸ்டீரிங்கைத் துண்டால் ஒருமுறை துடைத்துவிட்டு நிமிர்ந்தார்: "இத்தன நாள்ல இப்பத்தான் சாமி நீ உள்ளத உள்ளபடி எழுதியிருக்கற."

சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

ஆனி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கடைசிப் பாகம் வெளியான அன்றைக்கே சரசு அத்தையைக் கூட்டி வரக் கீழே போனேன். நிறுத்தத்திலேயே கதையைக் கேட்டு முடித்துவிட்டு ஏறுவதாக ஏற்பாடு. ஆனால் கதை வருவதற்கும் முருகேசண்ணன் பஸ் வருவதற்கும் சரியாக இருந்தது. சதீஷ் அவரை ஏற்றி உட்காரவைத்து, காதில் போனையும் வைத்துவிட்டார். நான் பின் சீட்டில். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. அத்தை கேட்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். "வேரு அறுந்துபோச்சாமா! ஒத்த வெரல்ல தொங்கறானாமா!" பஸ்ஸே அவர் பக்கம் சாய்ந்து கேட்டது.

திடீரென்று பாதியில் நிறுத்தினார். போனை ஆட்டிப் பார்த்தார். சிக்னல் போய்விட்டது. திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலில் பள்ளத்தைப் பார்த்தார், எழுந்தேவிட்டார். "நிறுத்துங்க வண்டிய! நான் எறங்கிக்கறேன். அவன் வுழுந்துட்டான், எனக்குத் தெரியும், அவன் வுழுந்துட்டான்!" சதீஷ் என்னைத் திரும்பிப் பார்த்தார். உலகத்திலேயே அவன் விழவில்லை என்று சத்தியம் செய்யக்கூடிய ஆள் நான்தான். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அந்த நேரத்தில் வளைவு வந்தது. முருகேசண்ணன் வழக்கம்போல அடித்தார். இரண்டு சின்னது, ஒரு நீளம். அத்தை அப்படியே நின்றார். கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே முருகேசண்ணன் சொன்னார்: "கதையில அடுத்தாப்பல வர்றது இந்தச் சத்தந்தானுங்கம்மா, கதிரத் தூக்கிவுட்ட வண்டியிலதான் போயிட்டிருக்கீங்க, உக்காருங்க."

வாசற்படி

உட்கார்ந்தார். அடுத்த வளைவில் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். பாதி மலையில் சதீஷை எழுப்பிவிட்டு ஜன்னலோர இடத்தைப் பிடித்துக்கொண்டார். மேலே வந்து இறங்கும்போது முருகேசண்ணனிடம், "பின் சக்கரம் ஒருக்காக்கூடக் காத்துல சுத்தலீங்களே" என்று குறைப்பட்டுக்கொண்டார். எங்கள் ஊட்டு வாசற்படியை வலது காலால் மிதித்தார். அப்பா விட்ட பெருமூச்சைப் பதிவு செய்து அனுப்பியிருந்தால் மேடம் அதைப் புயலுக்குப் பயன்படுத்தியிருப்பார். அக்கா இலை போட்டாள். எல்லாம் முடிந்தது என்று நானும் சுவரில் சாய்ந்தேன்.

சின்னப்பன் மாமா விருந்தாளிக்குப் பலாப்பழம் கொண்டுவந்தார். வந்தவர் சும்மா வைத்துவிட்டுப் போயிருக்கலாம். என்னைப் பார்த்து, "ஏன் கண்ணு, கதிர எறக்கிப்போட்டயே, அவனுக்குச் சளி உட்டுதா இல்லியா?" என்று கேட்டார். அத்தையின் கை இலையிலேயே நின்றது. என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் என் பள்ளிக்கூடம், கட்டாத தவணை எல்லாம் வந்து போயின. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. சதீஷ் தண்ணீர் டம்ளரைத் தேடினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அத்தை ஒரு சுளையை எடுத்தார், கொட்டையைப் பிதுக்கினார், மென்றார். அப்புறம் உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாவி, அடுத்த கதைய எங்கூர்ல வெய்யி கண்ணு, அங்க ஒருத்தன் வுழறதுக்கு ஆழமா ஒரு குழிகூடக் கெடையாது."

ஆகவே, சக பாவிகளே, உங்கள் ஆளை எந்தப் பாதாளத்தின் மேலும் தாராளமாகத் தொங்கவிடுங்கள், கீழே ஒரு சம்பந்தியம்மா காதில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா என்று மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.